நுரைவாளும் மக்கர் வண்டியும்

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வீடு திரும்பியதும், கேடயத்தையும், தோலால் தைத்த மார்க்கவசத்தையும், கம்பளி அங்கியையும், பழைய படுக்கை விரிப்பில் பத்திரமாகச் சுற்றிய வாளையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்து காரின் டிக்கியில் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் தம்முடைய மாலை நடையைச் சற்று நிறுத்தி, எல்லாவற்றையும் மௌனமாகப் பார்த்துவிட்டு, “தம்பி, உமக்கென்ன விசரோ?” என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை. உண்மையான விசாரம் இருந்தது. ஐம்பது வயதைக் கடந்த, வீட்டுக் கடனும் முழங்கால் வலியும் உள்ள ஒரு மனுஷன் சனி ஞாயிறுகளில் வயல்வெளியில் போய் வாள் சுழற்றுவது, அவருடைய அபிப்பிராயத்தில், வாழ்க்கையின் யதார்த்தத்தைச் சந்திக்கத் திராணியற்றவன் எடுக்கும் ஓட்டம். “உண்மையான பிரச்சினையளை விட்டிட்டு ஓடக்கூடாது” என்று சொல்லி, வண்டியின் பின்சக்கரத்தைக் கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டி, “முதல்லை இதைப் பாரும்” என்றார். காற்றுக் குறைந்துதான் இருந்தது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில் இருபது வருஷமாகக் குடியிருப்பவன் நான். வருஷத்தில் நாலைந்து வாரக்கடைசிகளை இந்த விளையாட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறேன். எஞ்சிய விடுமுறை நாட்களைப் பதினாலு வயதான என் கார் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது. ஆகையால் இரண்டைப் பற்றியும் பேச எனக்கு ஓரளவு யோக்கியதை உண்டு. பெரியவர் சொன்னது அவர் ஒருவருடைய கருத்தும் அல்ல. குழந்தை விளையாடினால் லீலை, வாலிபன் விளையாடினால் தேகப் பயிற்சி, ஐம்பது வயதுக்காரன் விளையாடினால் சித்தப்பிரமை என்று நம்மவர்களிடம் வெகுநாளாக ஒரு கணக்கு உண்டு. (கிரிக்கெட் பார்ப்பதற்கு மட்டும் வயது வரம்பு இல்லை.) எது பிரமை, எது யதார்த்தம் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம்.

லார்ப் என்று இந்த நாட்டில் சுருக்கமாக வழங்கும் இவ்விளையாட்டை அறியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு கற்பனை ராஜ்யம். அதன் சரித்திரம், சட்டம், தெய்வங்கள், தீராப் பகைகள் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அந்த ராஜ்யத்தில் நமக்கென்று ஒரு பாத்திரத்தை நாமே சிருஷ்டித்து, அதற்குரிய உடையை அணிந்து, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரை ஒரு வெளியில் கூடாரம் அடித்துத் தங்கி, அந்தப் பாத்திரமாகவே உண்டு, உறங்கி, பேரம் பேசி, சண்டை போட்டு, சமாதானமும் செய்துகொண்டு வாழவேண்டும். வசனம் எழுதித் தருவார் இல்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு வேடம் புதிதல்ல. ஆனால் கூத்தில் வேடம் கட்டுகிறவர் பத்துப் பேரென்றால் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறவர் ஐந்நூறு பேர். இங்கே அந்த ஐந்நூறு பேரும் வேடம் கட்டியிருப்பார்கள். பாய் விரிக்க ஆள் இராது. என் பாத்திரம் ஒரு ரணவைத்தியன். போர்க்களத்தில் விழுந்து கிடப்பவர் பக்கத்தில் மண்டியிட்டு, துணிப்பட்டையால் காயத்தைக் கட்டி, விதியில் சொன்ன நேரம்வரை கையை எடுக்காமல் சிகிச்சை செய்தால் அவர் பிழைத்து எழுவார். வீட்டில் என் பேச்சை நம்பி ஒரு தலைவலி மாத்திரைகூட யாரும் விழுங்குவதில்லை என்பது வேறு விஷயம்.

இதன் பூர்வ கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டம்; 1977இல் வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய பகுதியில் டாகர்ஹிர் என்ற கூட்டத்தார் நுரை ஆயுதங்களோடு வெட்டவெளியில் இறங்கிச் சண்டையே போடத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1982இல் செஷயர் பிரதேசத்தில் பெக்ஃபர்ட்டன் கோட்டையில் ‘ட்ரெஷர் ட்ராப்’ என்ற பெயரில் இது ஆரம்பமாயிற்று. வேடமிட்டவர்கள் விளக்கை ஏந்திக்கொண்டு நிலவறைகளில் அரக்கர்களைத் தேடி அலைந்த அந்தக் கோட்டை, பார்வைக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் போர்க்கோட்டை. அகழியும் கொத்தளமும் அம்பெய்யும் துவாரமும் உடையது. உண்மையில் அது 1844இலிருந்து 1850 வரையில், நாடெங்கும் ரயில் ஓடத் தொடங்கிவிட்ட காலத்தில், ஜான் டால்மாஷ் என்ற செல்வந்தருக்காக ஆன்டனி சால்வின் என்ற கட்டடக் கலைஞர் கட்டிக்கொடுத்த வீடு. ஒரு யுத்தத்தையும் அது கண்டதில்லை. செல்வமும் பதவியும் நிறைந்த ஒரு கனவான் மலையுச்சியில் கல்லால் வேடம் கட்டிக்கொண்டால் அது வம்சப் பெருமையாகிறது. சம்பளக்காரன் ஒருவன் கம்பளியால் கட்டிக்கொண்டால் விசராகிறது. இந்த நியாயம் எனக்கு விளங்கியதில்லை.

வட ஐரோப்பியர் இதை இன்னும் சிரத்தையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1997இல் ஆஸ்லோவில் தொடங்கி நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து என்று முறைவைத்துக் கூடும் மாநாடு ஒன்று அவர்களுக்கு உண்டு. டென்மார்க்கின் ஹோப்ரோ என்ற ஊரில் பாடங்களையே பாத்திரமேற்று நடத்தும் விடுதிப் பள்ளி ஒன்றும் இருக்கிறது.

வாள் என்றதும் வாசகர் பயந்துவிட வேண்டாம். நடுவில் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று. அதன் இரு புறமும் அடர்ந்த நுரைத் தகடுகளை ஒட்டிக் கத்தியால் செதுக்கி, மேலே லேடெக்ஸ் என்ற திரவ ரப்பரைத் தூரிகையால் பூசி, காய்ந்தபின் இன்னொரு பூச்சு, அது காய்ந்தபின் மற்றொரு பூச்சு என்று ஏழெட்டு முறை பூசி, வெள்ளிச் சாயம் தீட்டி, கைப்பிடிக்குத் தோல்வார் சுற்றினால் வாள். என் முதல் வாளை நானே செய்தேன். மூன்று வாரம் வீடு முழுவதும் அமோனியா நெடி அடித்தது. “ராஜ்யத்தைக் காப்பாற்றுவதெல்லாம் இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்” என்று மட்டும் மனைவி சொன்னாள். கம்பியின் முனை என்றைக்காவது நுரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் ஆதலால் குத்துவது விதிவிரோதம். வெட்டலாம், அதுவும் அடி விழும் கணத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு. ஆட்டம் தொடங்குமுன் பரிசோதகர் ஒருவர் ஒவ்வொரு வாளையும் வளைத்துப் பார்த்து, முனையை அமுக்கிப் பார்த்து, திருப்தியான பிறகே உள்ளே விடுவார். வெயில் காலத்தில் இதைக் காரின் டிக்கியில் மறந்துவிட்டால் லேடெக்ஸ் இளகி, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்டு உரிந்தாலும், சனிக்கிழமைச் சண்டையில் கிழிந்தாலும், அன்றிரவே கூடாரத்தில் விளக்கருகே உட்கார்ந்து ஒட்டுப் போட்டு, மறுநாள் காலை எடுத்துக்கொண்டு போக எனக்குத் தெரியும். அதற்குள் நான் அறியாத இடம் என்று ஓர் அங்குலம்கூட இல்லை.

எத்தனை அடி பட்டது என்பதை அடிபட்டவனே எண்ணிக்கொண்டு, தன் கணக்குத் தீர்ந்ததும் தானே விழவேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் ஆதார விதி; நடுவர்கள் இருக்கிறார்களென்றாலும் ஆயிரம் வாள்கள் சுழலும் இடத்தில் அவர்கள் எதை எண்ணுவது? பொய் சொல்ல இத்தனை வசதியான ஓர் இடத்தில் மனுஷர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை என்பதை முதன்முதலில் கண்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் போகும் ஆட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒரு நாள் யுத்தத்தில் வீரனாக இறங்கியவன் மறுநாள் யுத்தத்தில் எதிர்த்தரப்பு அரக்கனாக வேடமிட்டு, மற்ற வீரர்களின் கையால் மடிய வேண்டும். முதல் நாள் கொடி பிடித்து முன்னால் சென்ற தளபதி, மறுநாள் ரப்பர் முகமூடிக்குள் வியர்த்துக்கொண்டு, பெயரில்லாத பிணமாகப் புல்லில் கிடப்பார். சற்று நேரம் கழித்து எழுந்துபோய் வரிசையில் நின்று மறுபடி சாவார். யாருக்காவது மெய்யாகவே காயம் பட்டுவிட்டாலோ, “மேன் டவுன்” என்ற குரல் எழுந்த மாத்திரத்தில் சுற்றிலும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அரக்கன் விலகி நிற்பான், அரசி பாவாடையைத் தூக்கிக்கொண்டு முதலுதவிக்காரரை அழைக்க ஓடுவாள்.

குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. மழை பெய்தால் ராஜ்யம் முழுவதும் சேறு. தாற்காலிகக் கழிப்பிடங்களைப் பற்றி நாகரிகமாக எழுத வழியில்லை. செலவும் உண்டு. கிரீடத்தை ஞாயிற்றுக்கிழமையோடு கழற்றி வைக்கத் தெரியாமல் திங்கட்கிழமை ஆபீசுக்கும் மானசீகமாக அணிந்து செல்கிற பேர்வழிகள் இரண்டொருவரையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வியாதி நுரைவாளைத் தொடாதவர்களிடத்திலும் இருக்கிறது.

இனி, பெரியவர் யதார்த்தம் என்று தடியால் தட்டிக் காட்டிய வண்டிக்கு வருகிறேன். போன பங்குனியில் அதன் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சப்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் விளக்கு எரிந்தது. கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஓர் இளைஞர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சொருகியைச் சொருகி, கையிலிருந்த சிறு திரையில் வந்த எழுத்தையும் எண்ணையும் படித்து, எங்கள் ஊர் ஜோசியர் கட்டத்தைப் பார்த்துச் சனி சரியில்லை என்பாரே அந்தக் குரலில், “சென்ஸார் சரியில்லை” என்றார். பரிகாரம் செய்யப்பட்டது, தட்சணையும் கணிசமானதே. பதினெட்டாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. இரண்டாம் தடவை வேறொரு கிரகம்.

சிறுவயதில் எங்கள் ஊர் டாக்ஸி நிலையத்தில் அம்பாசடர் டிரைவர்கள் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, கார்புரேட்டரை வாயால் ஊதி, கொதிக்கும் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, பீடி ஒன்று புகைந்து முடிவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைய வண்டி அந்த வண்டியைவிட வெகு குறைவாகவே வழியில் நிற்கிறது, விபத்தில் உயிரையும் மேலாகக் காக்கிறது என்பதை மறைப்பது அதர்மம். இந்த நாட்டில் 1960இலிருந்து பழைய வண்டிகளுக்கு வருஷாந்தரப் பரிசோதனை என்று ஒன்று வைத்து, பிற்பாடு மூன்று வயதான வண்டிகளுக்கே அதைக் கட்டாயமாக்கியதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதி நெருங்குகையில் வயிற்றைக் கலக்கினாலும். என் மனத்தாங்கல் வேறு. வண்டி நிற்பது குறைந்திருக்கிறது. ஆனால் நிற்கும்போது உடையவனைப் பாய் விரித்து உட்காரவைத்துவிடுகிறது. எஞ்சின்மேல் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் மூடி. சில வண்டிகளில் முன்விளக்கின் பல்பு ஒன்றை மாற்ற பம்பரையே கழற்ற வேண்டும். தான் விலை கொடுத்து வாங்கிய பொருளில் தன் கையால் தொடத்தக்க இடம் நாலாவது உடையவனுக்கு மிச்சம் வைக்கவேண்டும் என்று வண்டி செய்கிறவர்களைக் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

ஸ்டெப்னி என்ற சொல்லே இதற்கு ஒரு சாட்சி. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர் இருவர், சக்கரம் பஞ்சரானால் நடுவழியில் மாட்டிக்கொள்ளக்கூடிய மாற்றுச் சக்கரம் ஒன்றை 1904இல் செய்தார்கள். அவர்களுடைய பட்டறை இருந்த தெரு ஸ்டெப்னி தெரு. அந்தச் சொல் கப்பலேறி நம்முடைய மெக்கானிக்குகள் வாயில் நூறு வருஷத்துக்கு மேலாக நிலைத்திருக்க, இங்கே அதைச் சொன்னால் லண்டனில் உள்ள ஒரு பேட்டையின் பெயரென்று நினைக்கிறார்கள். சொல் மறைந்ததோடு நிற்காமல் பொருளும் மறைந்துகொண்டு வருகிறது: புது வண்டிகள் பலவற்றில் டிக்கிக்கு அடியில் சக்கரம் இருக்கவேண்டிய குழியில் ஒரு பசைக் குப்பியும் சிறு காற்றடிக்கும் கருவியும்தான் இருக்கின்றன.

மே மாதக் கடைசி விடுமுறையை ஒட்டிய ஆட்டம் முடிந்து, திங்கட்கிழமை காலை கூடாரத்தைப் பிரித்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக் என்றது. மறுபடி திருப்பினேன். டக், டக், டக் என்று சுவர்ப்பல்லி கத்துவதுபோல் கத்தியது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கத் தெரியாதவனுக்கும் இதன் பலன் தெரியும்: பேட்டரியில் உயிர் இல்லை. மூன்று நாளும் காரிலேயே கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றியதும், அங்கியைத் தேடி டிக்கியைத் திறந்து வைத்துவிட்டுப் போனதும் வரிசையாக ஞாபகம் வந்தன. சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் வரும்வரை மணிக்கட்டு முறியும் அபாயத்தோடு முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் என் வண்டியில் சுழற்றுவதற்குக் கைப்பிடியும் இல்லை, தள்ளிக் கிளப்புவதென்றால் சக்கரங்கள் நாலு விரற்கடை சேற்றில் இருந்தன.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து, பாதி கழுவியும் பாதி கழுவாததுமான பச்சை முகத்தோடு ஒரு பெண்மணி, கையில் தேநீர்க் கோப்பையுடன் எழுந்து வந்தார். முந்தின நாள் அரக்கர் படையில் கோரைப்பல் கட்டிக்கொண்டு என்னைக் கொன்றவர். மற்ற நாட்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார். பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளையும் நீலமுமாக உப்புப் பூத்திருந்தது. கராஜில் இரண்டு தடவை சொருகி சொருகப்பட்ட வண்டியில் அந்த உப்பை யாரும் பார்த்திருக்கவில்லை, நான் உட்பட. தேநீருக்கு வைத்திருந்த கெட்டிலைக் கொண்டுவந்து வெந்நீரை மெல்ல ஊற்றினார். பூத்தது கரைந்து ஓடியது. என் பேனாக்கத்தியை வாங்கிக் கவ்வியின் உட்புறத்தைப் பளபளவென்று சுரண்டினார். பிறகு தம்முடைய வண்டியை அருகில் கொண்டுவந்து நிறுத்தி, சிவப்புக் கம்பியை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ் முனையிலும், மறுதலையைத் தம் பேட்டரியின் பிளஸ் முனையிலும், கறுப்புக் கம்பியைத் தம் மைனஸ் முனையிலும் மாட்டிவிட்டு, கடைசிக் கவ்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, “இதை எங்கே மாட்டுவீர்கள்?” என்று வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார். எஞ்சியிருந்த மைனஸ் முனையைக் காட்டினேன். இல்லை என்று தலையசைத்தார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும், பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும், ஆகையால் தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில் மாட்டவேண்டும் என்று சொல்லி, கவ்வியை என் கையிலேயே கொடுத்து மாட்டச் சொன்னார். ஐந்து நிமிஷம் அவருடைய எஞ்சின் ஓடியது. என் வண்டி இரண்டு தடவை முனகி மூன்றாவது தடவை கிளம்பிற்று. சேற்றிலிருந்து தள்ளிவிட வந்தவர்களில் ஒரு பிஷப்பும் இருந்தார். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொன்னது அவர்தான்.

மஞ்சள் விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நிச்சயமாகச் சொல்லும் வித்தை எனக்கு இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்க்கிறேன்; டயரின் காற்றை நானே அளக்கிறேன்; ஜம்ப் கேபிள் ஒரு ஜோடி வாங்கி டிக்கியில் கேடயத்துக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

தை மாதம், கண்ணாடியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலை ஏழு மணிக்குப் பெரியவர் கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரிக்கு நேரம் வாங்கியிருக்கிறாராம். வண்டி டக் டக் என்கிறதாம். என் காரை அவர் வாசலுக்குக் கொண்டுபோய் டிக்கியைத் திறந்து, கேபிளை உருவுவதற்கு வழியில்லாமல் மேலே கிடந்த கேடயத்தை எடுத்து, “ஐயா, இதைச் சற்றுப் பிடியுங்கள்” என்று அவரிடம் கொடுத்தேன். கனமாக இருக்கும் என்று எண்ணிக் காலை அகட்டி நின்று, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார். நான் குனிந்து கவ்விகளை மாட்டினேன். எஞ்சின் கிளம்பி, நிமிர்ந்து பார்த்தபோது அவர் கேடயத்தின் உட்புறத் தோல்வாருக்குள் இடது கையை நுழைத்து, மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார்.

“பாரமில்லையே தம்பி” என்றார்.